அவர் போனுக்கு வந்த என் ரிப்போர்ட்

அக்கா,

இன்று காலை முதல் வேலையாக, என் வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய போனை எடுத்தேன். கல்யாணமான நாளாக நான் செய்யாத காரியம். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மெசேஜ் இருந்தது. என் பெயர் போட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் தயார், பார்க்க இங்கே தொடவும் என்று. முந்தாநாளே வந்திருக்கிறது. "இன்னும் வரலையே" என்றுதான் நேற்று ராத்திரிகூடச் சொன்னார். சொல்லிவிட்டு, நான் கேட்காமலே பூண்டு உரித்துக் கொடுத்தார்.

அந்தப் பூண்டுதான் உங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது.

கோவில்பதாகையில் நீங்கள் வீட்டுக்காரம்மா, நாங்கள் மாடியில் குடித்தனம். வயிற்றுவலி என்று உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஏற்கெனவே வேறோர் இடத்தில் ஸ்கேன், ரத்த டெஸ்ட் எல்லாம் எடுத்திருந்தீர்கள். அது இங்கே கம்ப்யூட்டரில் வராது, வேண்டுமானால் நெட்டில் எடுத்துக் காட்டுங்கள் என்றாள் கவுண்டர் பெண். எடுக்கப் போனால் ஓடிபி உங்கள் பையன் போனுக்குப் போனது. பெயர் பதியும்போது வீட்டு ஆம்பளை நம்பரைக் கொடுப்பதுதானே நம் வழக்கம். அவன் மீட்டிங்கில் இருந்தான். நாம் காத்துக்கொண்டிருந்தோம்.

"இன்னா தங்கச்சி இது, என் வவுத்துல இன்னா கீதுன்னு தெரிய அவன் மீட்டிங்கு முடியணுமா?" என்றீர்கள். கவுண்டர் பெண்ணே சிரித்துவிட்டாள்.

கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி எடுத்தார்கள். அந்த ரிப்போர்ட்டும் பையன் போனுக்கே போனது. பையனும் மருமகளும் உங்களிடம் அல்சர் என்றார்கள். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள்.

ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சொன்னீர்கள்: "அல்சர் இல்ல தங்கச்சி. என் மருமவ ஆப்பிள் நறுக்கித் தர்றா. வந்த நாளா ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுத்தவ இல்ல."

பையனிடம் கேட்டுவிடலாமே என்றேன்.

"கேட்டா அழுவான். அத்த யாரு பாக்கறது? அல்சராவே இருந்துட்டுப் போவட்டும்."

அதே வாய்தான் இன்னொரு நாள், "எம்மாம் நாளுன்னு தெரிஞ்சா ஐயப்பன்தாங்கல் போயி எங்கக்காவப் பாத்துட்டு வந்துருவேன். சண்ட போட்டுகினு பேசாம கீறோம்" என்றது. நீங்கள் போகவில்லை. உங்கள் அக்காதான் வந்தார், மாலையோடு.

இரண்டில் எது உங்கள் நிஜமான பேச்சு? காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆபீசில் எல்லோருடைய கணக்கையும் பார்க்கிறவள் நான். என் உடம்புக் கணக்கு மட்டும் இன்னொருவர் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை, அக்கா. டாக்டரைப் பார்க்கும் வரைக்கும் தனியாகச் சுமக்கலாம் என்று நினைத்திருப்பார். ரிப்போர்ட்டில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சும்மாவேதான் பூண்டு உரித்தாரோ என்னவோ. ஒன்றுமில்லை என்றால், வரவில்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

இனி ஒரே நம்பரில் எல்லா ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் சேர்ந்துவிடும், எங்கே போனாலும் டாக்டர் பார்க்கலாம் என்று போன வாரம் ஸ்கேனுக்குப் போனபோது சுவரில் ஒட்டியிருந்தார்கள். நல்லதுதான். உங்கள் காலத்தில் இருந்திருந்தால் இரண்டாம் தடவை ஊசி குத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கும் கவுண்டரில் முதலில் கேட்டது போன் நம்பரைத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தன் நம்பரைச் சொல்லிவிட்டார். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெயர் என்னுடையதுதான். ஆனாலும் அவருக்கு வந்த கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் பிரிப்பது போலிருந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நாளைக்கு ஆபீசுக்குப் போவதுபோலக் கிளம்பி, ஸ்கேன் எடுத்த ஆஸ்பத்திரி இருக்கும் வேலப்பன்சாவடியில் இறங்கப் போகிறேன். அந்தக் கவுண்டரில் அவர் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடச் சொல்வேன். உங்களைத் தவிர யாருக்கும் இது தெரியாது. ரிப்போர்ட்டைத் திறப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. திறக்காமலே வைத்திருந்தாலும் வைத்திருப்பேன். ஆனால் அது என் போனில் இருக்கும்.

இன்று ராத்திரியும் அவர் பூண்டு உரித்தால், ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொள்வேன்.