சரியான விடைக்கு முன்னால் ஒரு மூச்சு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சௌக்கியம். வெறுமனே சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன், என் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் முணுமுணுக்கிறது, மற்றபடி சொன்ன பேச்சைக் கேட்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அவர்தான் கட்டுக்குள் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் தொண்டை கட்டியிருந்ததே, காய்ச்சலா, எதை மறைக்கிறீர்கள் என்று என்னைப் பிடித்து உலுக்கினாய். காய்ச்சலும் இல்லை கீய்ச்சலும் இல்லை. ஓய்வு பெற்ற மனுஷன் தினமும் சாயந்திரம் என் பள்ளிக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்து பத்தாம் வகுப்பு அறிவியல் கேள்விகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார், அதனால் வந்த வினை. அன்றைக்கே சொல்லியிருப்பேன், ஆனால் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் அவரைப் புகழ்வது அவர் காதில் விழுந்தால் அப்புறம் கால் தரையில் பாவாது. அதனால்தான் இந்தக் கடிதம், படித்துவிட்டு அவரிடம் உளறிவைக்காதே.

என் வகுப்பில் கண் தெரியாத பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா, ரேடியோ என்று கூப்பிடுவோமே, அவள்தான். அந்தப் பேரை யார் வைத்தது என்று கேட்டால் நானேதான் வச்சுக்கிட்டேன் என்பாள். எட்டாவது வரை கண் தெரியாத பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்துவிட்டு எங்களிடம் வந்தவள், வந்த நாள் முதல் வாய் ஓய்ந்ததில்லை. இதயத்தின் படத்தை அட்டையில் கம்பளி நூல் ஒட்டிக் கொடுத்தேன், விரலால் தடவிக்கொண்டே போய், ரத்தம் இந்தப் பக்கம்தான போகுது, அப்ப இந்தக் கதவு எதுக்கு டீச்சர் என்று கேட்டாள், கண்ணிருக்கும் பிள்ளைகள் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அந்த நூல் உன் பழைய நீல ஸ்வெட்டர், பீரோவில் தேடாதே. அவளுக்கு மேல்வகுப்பில் அறிவியல் பிரிவுதான் வேண்டும் என்று ஒரே பிடி. எங்கள் தலைமை ஆசிரியை நல்லவர்தான், ஆனால் அவர் வாயில் எடுத்ததற்கெல்லாம் பாவம் வரும். பாவம், அந்தப் பிள்ள லேப்ல எப்படி நிக்கும், வரலாறு எடுத்துக்கட்டுமே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாவம் பாவம் என்று சொல்லியே ஒரு பிள்ளையை மூலையில் உட்காரவைத்துவிடலாம் மகளே, யாரும் குறை சொல்லமாட்டார்கள். நான் விட்டேனா, அவளுடைய மார்க்குகளை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் போட்டேன். பொதுத்தேர்விலும் இதே மாதிரி வாங்கினால் இடம் தருகிறேன் என்று வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்.

அந்த மார்க்கில்தான் வந்தது வம்பு. அவளுக்குப் பரீட்சை என்றால் ஒருவர் கேள்வியை வாசிக்க வேண்டும், அவள் சொல்வதை அவரே எழுத வேண்டும். பொதுத்தேர்வுக்கு அந்தப் பாடம் எடுக்காத ஆசிரியரை வேறு பள்ளியிலிருந்து அனுப்புவார்கள். பள்ளிக்குள் நடக்கும் பரீட்சைக்கு அப்படி ஆளுக்கு எங்கே போவது, ஆளாளுக்கு ஒரு அறையில் காவல் நிற்கிறார்கள், நான்தான் இருக்கிறேனே என்று நானே உட்கார்ந்து வாசித்தேன், திருத்தமாக வாசிப்பேன் என்று எனக்குப் பெருமை வேறு. சரியான விடையைத் தேர்ந்தெடு என்ற பகுதியில் ரேடியோ ஒன்றுகூடத் தவறவிடமாட்டாள், விரிவாகச் சொல்ல வேண்டியதில் சுமாராகத்தான் வாங்குவாள். அது எனக்கு உறைக்கவில்லை. கணக்கு சாருக்கு உறைத்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பகுதில முழுசு, இன்னொண்ணுல பாதியா, ஏதோ இடிக்குதே டீச்சர் என்று இழுத்தார். எனக்கு வந்ததே கோபம். அடுத்த பரீட்சைக்கு நீங்களே வந்து எதிர்ல உட்காந்து பாருங்க சார் என்று சொல்லிவிட்டேன். வந்தார், டிக்கெட் பரிசோதகர் மாதிரி என் வாயையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை, எழுந்து மன்னிப்பும் கேட்டார். நான் நிமிர்ந்து நடந்து வெளியே வந்தேன்.

வராந்தாவில் ரேடியோ வழக்கம்போல என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் பேசவே இல்லை, அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். பிறகு மெதுவாகச் சொன்னாள், சரியான விடை வர்றதுக்கு முன்னாடி நீங்க லேசா ஒரு மூச்சு இழுப்பீங்க டீச்சர், தப்பானதெல்லாம் கடகடன்னு போயிடும், நான் வேணும்னு கேக்கல, காதுல விழுந்துடுது. எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் வகுப்பில் நின்று பதிலைச் சொல்வதற்கு முன்னால் பிள்ளைகள் நிமிரட்டும் என்று ஒரு மூச்சு இழுத்து இழுத்து, அது என் உடம்போடு ஒட்டிவிட்டது போல, எனக்கே தெரியாது. கண்ணால் பார்க்கிற கணக்கு சாருக்கு அது எப்படித் தெரியும். பிறகு ஏன் இப்போது சொல்கிறாய், உன் மார்க்கை வைத்துத்தானே நான் சண்டை போட்டேன், இது தெரிந்தால் அறிவியல் பிரிவு போய்விடுமே என்று கேட்டேன். ஆமாம், பிள்ளையிடம் அப்படித்தான் கேட்டேன், வாய் முந்திக்கொண்டது. அவள் சொன்னாள், எனக்கு எவ்வளவு தெரியும்னு எனக்கே தெரியல டீச்சர், யோசிக்கறதுக்கு முன்னாடியே பதில் வந்துடுது, பெரிய பரீட்சைல வேற யாரோ வாசிப்பாங்க, அங்க போய் முழிக்கறதுக்கு இப்பவே முழிச்சுக்கறேன். எனக்கு வெட்கம் பாதி, அந்தப் பெண்ணை நினைத்து ஏற்பட்ட பெருமை பாதி.

மறுநாளே நானும் அவளும் போய்த் தலைமை ஆசிரியையிடம் சொன்னோம், கணக்கு சாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் சொன்னேன். தலைமை ஆசிரியை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, பாவம், இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன், அந்தப் பகுதியே வேண்டாம்னு விலக்கு வாங்கிடலாம், அறிவியலும் வேண்டாம் என்றார். கோளாறு என் மூச்சில் இருக்கிறது, அவள் மூளையில் இல்லை என்று சொன்னேன். ரேடியோ, விலக்கு வேண்டாம் மேடம், ஆள மாத்திக் குடுங்க போதும் என்றாள். அவ்வளவு தெளிவாகப் பேசும் பிள்ளையிடம் பாவம் என்று எப்படிச் சொல்வது. சரி, பொதுத்தேர்வு வரட்டும், பார்க்கலாம் என்று அவரும் விட்டுவிட்டார்.

முதலில் நான் என்னையே திருத்திப் பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு வாசித்தேன், இன்னிக்கு சரியான விடைக்கு மட்டும் மூச்சே விடல நீங்க, அதுவே தெரியுது என்றாள். வேண்டுமென்றே தப்பு விடைக்கு மூச்சு இழுத்தேன், சிரிக்கிறாள். கணக்கு சார் நான் வாசிக்கிறேன் என்று முன்வந்தார், அவருக்கு அறிவியலும் கொஞ்சம் தெரியுமாம், அந்தக் கொஞ்சம் போதாதா, தப்பான விடை வந்தால் நாற்காலி கிறீச்சிடுகிறதாம். கடைசியில் அவரே சலித்துப்போய், பாடம் ஒண்ணுமே தெரியாத ஆள் வேணும் டீச்சர், குரல்லயும் ஒண்ணும் தெரியக் கூடாது, அப்படி யார் இருக்கா என்றார். எங்க வீட்டிலேயே ஒருத்தர் இருக்கார் சார் என்றேன்.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா. முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, வண்டி இதோ வந்துவிட்டது என்பதையும் இன்று வரவே வராது என்பதையும் ஒரே குரலில் அறிவித்தவர். நீ பிறந்தபோது அவர் போன் பண்ணிப் பெண் குழந்தை என்று சொன்ன குரலைக் கேட்டு உன் அத்தை எந்த பிளாட்பாரம் என்று கேட்டாளே, அதே குரல். அந்தக் குரலுக்காக நான் அவரோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன், கல்லைக் கட்டிக்கொண்டேனா மனுஷனைக் கட்டிக்கொண்டேனா என்று. முதல் நாள் சட்டை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்தார். வாசித்தார். ரேடியோ அப்படியே அடங்கிப்போய்விட்டாள். பாதிக்கு மேல் தப்பு. அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, நாளைக்கு நானே வாசிக்கிறேன் என்று சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் அவள், இவர் குரல்ல ஒண்ணுமே இல்ல டீச்சர், வெறும் கேள்வி மட்டும்தான் இருக்கு, இன்னொரு தடவ வாசிங்க அங்கிள் என்றாள். அப்பா அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டார், வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, அவர் வாசிக்க அவள் யோசிப்பாள். யோசிக்கும்போது நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருப்பாள், தெரியாவிட்டால் தட்டுவது நின்றுவிடும், உடனே இது தெரியல, குறிச்சு வையுங்க அங்கிள் என்பாள். குறித்ததையெல்லாம் மறுநாள் காலையில் என்னிடம் கேட்டுத் துருவிவிடுவாள். மார்க் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஆனால் அப்பாவைக் காப்பாற்றுவதுதான் எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது, அவருக்குப் பாடத்தில் ருசி வந்துவிட்டது. ராத்திரி என் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்டுகிறார். மறுநாளே ரேடியோ, அங்கிள் ஒளிச்சேர்க்கை படிச்சிட்டு வந்திருக்கார், குரல் மாறிப்போச்சு என்று புகார் சொல்லிவிட்டாள். பொதுத்தேர்வு முடியும்வரை ஒன்றும் தெரிந்துகொள்ளக் கூடாது என்று சொல்லி, புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். படிக்காதே என்று நான் ஒருவரைத் திட்டியது என் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை.

இதைச் சொல்லும்போதே உனக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. குட்டிப் பயல் கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தப்பாக எழுதப் போனால் நீ உச்சுக் கொட்டுகிறாயாம், மாப்பிள்ளைதான் சொன்னார், அவரைத் திட்டாதே. அவன் நோட்டைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் படிக்கிறான். நீ எழுந்து போய்த் துணி மடி. தப்பாகப் போடட்டும், அது அவன் தப்பாக இருக்கட்டும். நான் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறேன்.

பள்ளியின் கடைசித் திருப்புதல் தேர்விலும் அப்பாதான் வாசித்தார். மார்க் முன்பு வாங்கியதைவிடக் குறைவுதான். தலைமை ஆசிரியை விடைத்தாளைப் பார்த்துவிட்டு, குறைஞ்சு போச்சே என்றார். கணக்கு சார் சொன்னார், இப்பத்தான் மேடம் இது முழுக்க அவளோடது. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் ஸ்டாஃப் ரூமில் பேசியதையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன், அவருக்கு அது தெரிய வேண்டியதில்லை.

முந்தாநாள் அவளுக்கு அறிவியல் பொதுத்தேர்வு. வாசிக்க வந்தவர் வேறு பள்ளியின் மொழி ஆசிரியை, யாரோ எவரோ. பெற்றவர்களைவிட மோசமாக நான் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், முழங்கால் அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை. தலைமை ஆசிரியையும் தன் அறையை விட்டு வந்து தூணோரம் நின்றார். ரேடியோ கோலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த டீச்சர் எப்படி வாசித்தார் என்று முதலில் கேட்டேன். அவங்களுக்குச் சளி டீச்சர், பாவம், எல்லா விடைக்கும் மூச்சு இழுத்தாங்க என்றாள். தலைமை ஆசிரியை, நல்லா எழுதியிருக்கியா என்று கேட்டார். நான் இத்தனை வருஷத்தில் பரீட்சை அறையிலிருந்து வரும் எத்தனையோ பிள்ளைகளிடம் இதைக் கேட்டிருக்கிறேன், எல்லோரும் சொல்வது நல்லா எழுதியிருக்கேன் டீச்சர் என்பதுதான். இவள் நிமிர்ந்து நின்று, மூணு கேள்விக்கு எனக்கு விடை தெரியல மேடம், எதெதுன்னு சொல்லட்டுமா என்றாள். சொல் என்றார். வரிசையாகச் சொன்னாள், எந்த இரண்டு விடைக்கு நடுவில் குழம்பினாள், எதை எதற்காகத் தேர்ந்தெடுத்தாள் என்பது வரைக்கும். அந்த மூன்றையும் அவள் சொன்னவிதம் இருக்கிறதே, முழு மார்க் வாங்கிய நாட்களில்கூட அவள் குரலில் அந்தப் பெருமிதத்தை நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை, அழுதேன். தலைமை ஆசிரியை அவளிடமே கேட்டார், வர்ற வருஷம் லேப்ல உனக்கு மேஜை எந்தப் பக்கம் போட்டா வசதி. மார்க் வர இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வேலை பார்க்காதே. குட்டிப் பயலைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போவதைத் தள்ளிப்போடாதே, இந்த வாரமே போய்விட்டுத் தகவல் சொல். நீங்கள் மூன்று பேரும் ஆரோக்கியமாகவும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டும் நீண்ட காலம் இருக்க வேண்டும், எங்கள் இருவரின் முழு மனசும் உங்களோடு இருக்கிறது.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா
(அப்பாவும் அன்பைச் சொல்லச் சொன்னார், அவருடைய அதே குரலில்)