சந்தனம் பூசிய கரிக்குழாய்

ராயப்பேட்டை
3-10-98

பெங்களூரில் ஆராய்ச்சி பண்ணும் மகள் நிஷாவுக்கு அம்மா முனியம்மாள் எழுதிக்கொண்டது. நாங்கள் நலம். வேளைக்குச் சாப்பிட்டால் நீயும் நலம்.

சிரிக்கக் கூடாது. ஆயுத பூஜையன்று அப்பா ஆட்டோவுக்குப் பொட்டு வைத்தார், நான் மாவு கிரைண்டருக்கு வைத்தேன். உன் ஆயுதம் மட்டும் விட்டுப்போகலாமா? கார்பன் நானோ குழாய் என்பாயே, கண்ணுக்கே தெரியாத அந்தக் கரிக்குழாயைப் பெரிசாக்கி நீ அனுப்பிய படத்துக்கும் சந்தனம் குழைத்துப் பூசிவிட்டேன். இப்போது துடைத்தால் குழாயும் சேர்ந்து வருகிறது. வேறு படம் அனுப்பு. முதலில் அதைச் சாக்கடை ஓட்டையில் அடைத்த தலைமுடி என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்குத்தான் உனக்குப் பார்த்திருக்கும் நந்தனத்து மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். தையில் கல்யாணமாம், அதற்குள் நீ ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்துவிட வேண்டுமாம். "பொண்ணு கரியத்தானே நோண்டிக்கினு கீது? அத்த இங்க அடுப்பாண்ட நோண்டட்டுமே" என்று சொல்லி அவரே சிரித்தார். உன் அப்பாவும் கூடச் சேர்ந்து பல்லைக் காட்டினார். அவரை அப்புறம் கவனித்துக்கொண்டேன்.

நீ லீவில் சொன்னதை அப்படியே எடுத்துவிட்டேன். "அண்ணாத்தே, உங்க வூட்டு டிவியில கம்பி சூடேறுனாத்தான் எலக்ட்ரான் கிளம்பும், அப்பால படம் வரும். அதுக்குள்ள நான் ஒரு தட்டு சுண்டல் துன்னுடுவேன். எம்பொண்ணு குழாய்க்கு சூடே வாணாம். எதுர்ல வோல்ட்ட காட்டி இழுத்தா, நுனியிலேர்ந்து எலக்ட்ரான் ஜில்லுன்னு குதிக்கும். அத்த வுட்டுட்டு அவ வரமாட்டா. வேற எடம் பாருங்க" என்றேன். யாரைக் கேட்டு இப்படிச் சொல்கிறாய் என்றார் பெரியப்பா. என்னைக் கேட்டுத்தான் என்றேன்.

இன்றைக்குப் பார்த்தால் உன் கடுதாசி. வோல்ட்டை ஏற்றியதும் நுனியெல்லாம் கருகிவிட்டது, பேசாமல் வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்கிறாய். அடி போடி. அப்பா ஓட்டிப் பழகியபோது எத்தனை சுவரை இடித்தார் என்று பீட்டர்ஸ் ரோட்டில் கேட்டுப்பார். அதற்காக ஆட்டோவை விட்டாரா? கருகினால் வேறு குழாய் வளர்த்துக்கொள். உனக்காக நான் ஒருத்தரை வாசலோடு அனுப்பியிருக்கிறேன், என் மானத்தை வாங்காதே.

பொங்கலுக்கு வா. விட்டுவிட்டு மட்டும் வராதே. உன் பாயை வந்தவர்கள் யாருக்கும் விரிக்கவில்லை, சுருட்டியபடியே வைத்திருக்கிறேன். நன்றாக இரு, கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: பெரியப்பா கோபமாகத்தான் வாசலில் இறங்கினார். அங்கே திருஷ்டி கழித்து உடைத்த பூசணிக்காய் கிடந்தது. வழுக்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டி வெள்ளை, குங்குமம் சிவப்பு. அப்பாதான் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார். அன்றைக்கு மட்டும் மீட்டர் போட்டாராம்.