புதிய பதிப்புக்கு முன் ஒரு கொப்பி

நானா,

காலையிலிருந்து கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பில் ஒரு மஞ்சள் பட்டை நிற்கிறது. சிஸ்டத்துக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறது. கொழும்பு ஆபீஸிலிருந்து பேசியவர், "ஒரு பட்டன் அமத்துற வேலதானே மிஸ்" என்று சிரித்துவிட்டு ஃபோனை வைத்துவிட்டார். அவருக்கு அது பட்டன். எனக்கு அப்படி இல்லை. இதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். யார் வரப்போகிறார்கள்? நாட்டில் சண்டைதான் முடிந்துவிட்டதே. ஆனாலும் பார்த்தேன்.

போன தடவை பதிப்பு மாற்றியபோது அண்ணன்போல் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். அந்த சிஸ்டத்தை ஏற்றியதே நீங்கள்தான். ஒழுகும் கூரை, உடைந்த குழாய், இடிந்த கக்கூஸ் என்று தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் முறைப்பாடுகளை ஒவ்வொன்றாகப் பதிந்து, எது முடிந்தது, எது இன்னும் கிடக்கிறது என்று பார்ப்பதற்கு. எங்கோ வெளியூரில் இல்லை; இரத்தினபுரியில், தோட்டத்து வீடுகளைத் திருத்திக் கொடுக்கும் நம் ஆபீஸ் மூலையில், உங்கள் மேசைக்குக் கீழே புழுதி குடித்துக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டருக்குள் அது இருந்தது. தப்பித் தவறி என் கால் அதில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். நீங்கள் பார்த்தும் பார்க்காதது போல் சிரிப்பீர்கள்.

அதற்குத் தமிழ் தெரியாது. நானோ பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவள். உள்ளே போவதெல்லாம் ஆங்கில எழுத்து. மேலே பாமினியைப் போர்த்தினால் தமிழாகத் தெரியும், அவ்வளவுதான். அந்தப் போர்வையை சிஸ்டத்தின் பக்கங்களுக்குள் நீங்களே கைவைத்துச் செருகியிருந்தீர்கள். பிறகு இரண்டு பேருமே அதை மறந்துபோனோம். வேலை ஓடுகிறவரைக்கும் யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

அன்று மத்தியானம் புதிய பதிப்பை ஏற்றினீர்கள். அதற்கு முன் வழக்கம்போல் உள்ளதை எல்லாம் ஒரு சீடியில் பிரதி எடுத்து வைத்தீர்கள். "மொதல்ல கொப்பி, பொறகுதான் கை" என்பது உங்கள் பேச்சு. எல்லாம் முடிந்ததும் என் மேசையில் திறந்து பார்த்தேன். தமிழே இல்லை. ஆயிரக்கணக்கான வரிகள், அத்தனையும் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமாகக் குலைந்து கிடந்தன. ‘சுவர்’ என்று நான் அடித்த இடத்தில் Rth; என்று நின்றது. "நானா, எல்லாம் போயிருச்சு" என்றேன். நீங்கள் குனிந்து பார்த்துவிட்டு, "போகல்ல தங்கச்சி, போர்வதான் போயிட்டு. புது பதிப்பு நம்மட பக்கத்த அழிச்சிட்டு அதுட பக்கத்த போட்டிரிக்கி" என்றீர்கள். சரிபண்ணக் கொஞ்ச நேரம் வேண்டும் என்றும் சொன்னீர்கள்.

அந்தக் கொஞ்ச நேரம் நமக்குக் கிடைக்கவில்லை. வாசலில் பொலிஸ் ஜீப் நின்றது.

சண்டை நடந்த அந்த நாட்களில் என் பயம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். தோட்டத்திலிருந்து வரும் றக்வானை பஸ்ஸில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் சோதனைச் சாவடியில் கைப்பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, எந்தத் தோட்டம், ஏன் டவுனில் தங்குகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் வேலைக்கு வருவேன். எங்கள் தோட்டத்திலிருந்து வந்து டவுன் கடையில் வேலைக்கு நின்ற ஒருவனை விசாரிக்க என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வந்துவிட்டான். ஆனால் அவன் அம்மா அதற்குப் பிறகு அவனை டவுன் பக்கம் அனுப்பவே இல்லை. என்னையும் ஒருநாள் அப்படிக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று நான் முடிவே கட்டியிருந்தேன். எந்த நாள் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

வந்த அதிகாரி சத்தம் போடவில்லை. வெளியூர் ஆட்கள் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று பதிய வந்ததாகச் சிங்களத்தில் சொன்னார். என் அட்டையை வாங்கிப் பார்த்தார். அப்படியே அவர் கண் என் திரைக்குப் போனது. இது என்ன பாஷை என்று கேட்டார். தமிழ் என்றேன். எனக்குத் தமிழ் எழுத்து தெரியும், இது தமிழ் இல்லையே என்றார். இது ஏதாவது இரகசியக் குறியா என்று அடுத்துக் கேட்டார். நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

நீங்கள் எழுந்து வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றீர்கள். பதிப்பு மாற்றியது நான், பிழை என்னுடையது, கேட்பதை என்னிடம் கேளுங்கள் என்று தண்ணீர் போல் ஓடும் உங்கள் சிங்களத்தில் சொன்னீர்கள். இந்தப் பெண் யார் என்று கேட்டார். "மகே நங்கி" என்றீர்கள். என் தங்கச்சி. அவர் உங்கள் தொழுகைத் தொப்பியைப் பார்த்தார், என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆனால் விட்டுவிடவும் இல்லை. திரையில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, இதை வாசி என்றார். உங்களுக்கு வாசிக்க வராது. அந்த எழுத்துகளை நாள் முழுக்க அடித்தவள் நான்தான். எந்தக் கட்டையை அழுத்தினால் எந்த எழுத்து விழும் என்று என் விரலுக்குத் தெரியும். நீங்கள் என் பக்கம் திரும்பி மெதுவாக, "வாசிங்க, நான் இரிக்கேன்" என்றீர்கள்.

வாசித்தேன். மூன்றாம் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பரா, வாசல் இஸ்தோப்புப் பக்கத்துச் சுவர் வெடித்திருக்கிறது, மழை வந்தால் மண் உள்ளே வருகிறது. அதையே சிங்களத்திலும் சொன்னேன். நீ இப்போது இட்டுக்கட்டிச் சொல்கிறாயா என்று கேட்டார். முறைப்பாடு கொடுத்த தோட்டத் தலைவரின் நம்பர் அதே வரியில் இருக்கிறது என்று நீங்கள் சொன்னீர்கள். நம்பர் மட்டும் எந்தப் பதிப்பிலும் நம்பராகவே இருந்தது. அதிகாரி ஆபீஸ் ஃபோனை இழுத்து அதை அழுத்தினார்.

கிடைக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் கோயிலுக்குப் பின்னால் உள்ள கல்லில் ஏறினால்தான் சிக்னல் வரும் என்பது நமக்குத் தெரியும். அவரிடம் சொன்னால் சாக்கு என்று நினைப்பாரோ என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். ஜீப்பில் ஏற்றினால் அம்மாவுக்கு யார் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி அழுத்தினார். இந்த முறை மணி போனது.

சுவரைப் பற்றி அதிகாரி கேட்டதும் தலைவர் பிடித்துக்கொண்டார். ரிசீவரைத் தாண்டி நமக்கே கேட்டது. எத்தனை தடவை சொல்வது மாத்தயா, சுவர் விழுந்து ஒரு பிள்ளை செத்த பிறகுதான் வருவீர்களா, உங்கள் ஆபீஸில் எல்லாரும் தூங்குகிறீர்களா என்று சிங்களத்தில் கிழித்துத் தோரணம் கட்டினார். இது பொலிஸ் என்றார் அதிகாரி. அப்படியானால் நீங்களாவது வந்து பாருங்கள் என்றது குரல்.

அதிகாரி ஃபோனை வைத்தார். சிரித்தாரா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. என் அட்டையைத் திருப்பித் தந்து, வேறு யாரும் பார்ப்பதற்குள் இதை ஒழுங்கான எழுத்தாக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் சத்தம் ஓய்ந்த பிறகு நீங்கள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தீர்கள். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. சீடியை எடுக்கப் போன கை நடுங்கியதால் அதை மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டீர்கள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் சொன்னீர்கள்: "ஒங்கள விட எனக்குக் கூடப் பயம் தங்கச்சி. நான் அதக் காட்டியிருந்தா நீங்க வாயே தொறந்திரிக்க மாட்டீங்க."

பொழுது சாய்வதற்குள் சீடியிலிருந்து பழைய பக்கத்தை எடுத்துப் போட்டு எழுத்துகளைத் தமிழாக்கிவிட்டீர்கள். முதலில் தெரிந்தது அந்தச் சுவர்தான். மறுவாரமே மேசன்மாரை அனுப்பி அதைக் கட்டிக் கொடுத்தோம். சண்டை முடியும்வரை சீடியை என்னிடம் தரவே இல்லை நீங்கள். பஸ்ஸில் யாராவது என் பையைத் திறந்தால் என்ன சொல்வது என்று, நீங்களே சோற்றுப் பெட்டிக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள்.

நீங்கள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள், எழும்பவே இல்லை என்று ஃபோன் வந்தபோது நான் தோட்டத்தில் இருந்தேன். உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பெண்கள் எல்லாம் உள்ளறையில் ஓதிக்கொண்டிருந்தார்கள். பொட்டோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்து ஒரு அம்மா, "நீங்க யாரு, மவள்?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை நான். "தங்கச்சி" என்றேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. நகர்ந்து பாயில் இடம் விட்டார்.

கொப்பி எடுத்துவிட்டேன் நானா, ஒன்றுக்கு இரண்டாக. பழைய பக்கத்தையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். எழுத்துக் குலைந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியும். இத்தனை இருந்தும் கை நடுங்குகிறது. பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்; அவளும் தோட்டத்துப் பிள்ளைதான், பயந்த சுபாவம். அதனால் கையை மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் அடங்கியதும் அமத்துகிறேன்.