உப்புத் தண்ணியில் துரை

மாமா,

இன்று மதியம் குக்கரைத் திறந்ததும் வெந்த பச்சைப் பட்டாணியின் வாசனை வந்தது. கை தானாக ஒன்றை எடுத்துத் தோலை உரித்து, நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் கடுகளவாக்கியது. குருமாவுக்கு யாரும் பட்டாணியை இப்படிக் கிள்ளுவதில்லை. நீங்கள் போய் இத்தனை வருஷமாகியும் உங்கள் மீனை நினைத்தால் எனக்கு இன்னும் பயம்தான்.

உங்களிடமும் எனக்குப் பயம் இருந்தது, மறைப்பானேன். அப்போது கல்யாணமாகி ஏழு மாதம். மாமியார் இல்லாத வீடு. தோல் கம்பெனியில் முப்பது வருஷம் தோல் ஊறும் டிரம்கள் உருளும் சத்தத்துக்கு நடுவே வேலை செய்தவர் நீங்கள். மெதுவாகப் பேச உங்களுக்கு வராது. "தண்ணி கொண்டாம்மா" என்று கேட்டாலே என்ன தப்பு செய்தேனோ என்று ஓடி வருவேன். அந்தக் குரல் தணிவது ஒரு மீனிடம் மட்டும்தான். உங்கள் மகன் சென்னையிலிருந்து பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்த நீல நிற ஃபைட்டர் மீன். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. இன்னொரு மீனைச் சேர்த்துவிட்டால் சண்டை போட்டே கொன்றுவிடும் என்பதால் டிவிக்குப் பக்கத்தில் கண்ணாடி ஜாடியில் தனியாக இருந்தது. துரை என்று பேர் வைத்திருந்தீர்கள். "துரை, சாப்ட்டியா?" என்று நீங்கள் விசாரிக்கும்போது, என்னை ஒரு நாளாவது இப்படிக் கேட்டதுண்டா என்று அடுப்படியில் நின்று பொருமியிருக்கிறேன்.

உங்கள் வயிற்றில் கட்டி, ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று வேலூரில் டாக்டர் சொன்ன மாதத்திலேயே துரைக்கும் வயிறு ஊதியது. செல்லம் கொடுத்துக் கொடுத்துப் பாக்கெட் தீனியை ஜாஸ்தியாகப் போட்டது நீங்கள்தான். அது செதில் மங்கி, துடுப்பைச் சுருட்டிக்கொண்டு, ஜாடியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. நீங்கள் அட்மிட் ஆனீர்கள். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி உடுப்பைக் கட்டிலில் மடித்து வைத்துவிட்டு, பஸ் ஏறி ஆம்பூரில் வந்து இறங்கிவிட்டீர்கள். "துரைக்கு யாரு தீனி போடுவா?" என்றீர்கள். அடுத்த தடவையும் ஓடிவந்தால் பிறகு தன்னைக் குறை சொல்லக் கூடாது என்று டாக்டர் உங்கள் மகனிடம் சொல்லி அனுப்பினார்.

இரண்டாம் தடவை, ஒரு வெள்ளிக்கிழமை, நீங்கள் புறப்பட்டபோது என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தீர்கள். சென்னை மீன் கடைக்காரரிடம் போனில் கேட்டு நீங்களே எழுதி, ஒரு வாரமாகச் செய்துவந்தது. தினம் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றும்போதெல்லாம் ஒரு ஸ்பூன் கல்லுப்பு. வீக்கம் குறையும்வரை பட்டினி. பிறகு வெந்த பட்டாணி, தோல் இல்லாமல், மீனின் கண்ணளவு. "ஒண்ணையும் மாத்தாத" என்றீர்கள். வாசலில் நின்று மறுபடி திரும்பி, "அவனுக்கு ஒண்ணுன்னா நா அங்க இருக்க மாட்டேன்" என்றீர்கள்.

உங்கள் மகனும் துணைக்கு வேலூருக்கு வந்துவிட்டார். வீட்டில் நானும் துரையும். மீன் செத்தால் நீங்கள் ஓடிவருவீர்கள். ஓடிவந்தால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள். ஒரு மனுஷனின் உயிரை ஜாடிக்குள் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபக் குறிப்புச் சீட்டில் "வீட்டில் சுகமில்லாதவருக்காக" என்று எழுதிப் போட்டேன். போதகர் ஐயர் உங்கள் பேரைச் சொல்லி உருக்கமாக ஜெபித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு துரையை நினைத்துக்கொண்டிருந்தேன். கர்த்தர் பிரித்து எடுத்துக்கொள்வார் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சீட்டில் இருந்ததை எழுத்துத் தவறாமல் செய்தேன். துரை மோசமாகிக்கொண்டே போனது. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மறுபடி கல் மாதிரி கீழே இறங்கும். திங்கள்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஜாடியைத் துடைத்தேன். தண்ணீர் மட்டத்தில் வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டியும் போகவில்லை. குளியலறை வாளியில் படிந்திருக்கும் அதே வெள்ளை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது மாமா. ஜாடியில் ஊற்றிய போர்வெல் தண்ணீரை நாம் எல்லோரும் உப்புத் தண்ணி என்றுதானே சொல்கிறோம். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. முனிசிபாலிட்டி குழாயில் எப்போதாவது வரும் நல்ல தண்ணியைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பூட்டாத குறையாக வைத்திருப்போம். அதை மீனுக்கு ஊற்ற இந்த ஊரில் யாருக்குக் கை வரும்? சென்னைக்காரர் அவர் ஊர்த் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் சொன்னார். நாம் உப்பிலேயே உப்பைப் போட்டிருந்தோம். நீங்கள் ஒரு வாரம் போட்டீர்கள், நான் மூன்று நாள் போட்டேன்.

குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. அதை ஊற்றவும் பயம். ஷூ கம்பெனியில் என் பக்கத்து மிஷினில் தைக்கும் செல்வி, என் அம்மா ஊரான மாதனூர்க்காரி. எங்கள் அம்மா வீட்டுக் கிணற்று நல்ல தண்ணீர் ஒரு கேன் வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். "முழுகாம கிழுகாம இருக்கியா? அம்மா ஊட்டுத் தண்ணிக்கு ஆசப்பட்ற" என்று அவள் கேட்டாள். மீனுக்கு என்றதும் தையல் லைனே சிரித்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

ஒரேயடியாக மாற்றினால் தாங்காதோ என்று ஒரு டம்ளர் எடுத்து ஒரு டம்ளர் ஊற்றினேன். சீட்டை மீறுகிறேன் என்ற பயத்தில் பாதி தரையில் கொட்டியது. புதன்கிழமை மாலைக்குள் ஜாடியில் முக்கால்வாசி மாதனூர்த் தண்ணீர். துரை அசையவில்லை. அப்போதுதான் போன் அடித்தது. ஆஸ்பத்திரி வாசல் பூத்திலிருந்து நீங்களே பேசினீர்கள். மறுநாள் காலை ஆபரேஷன்.

"இன்னா பண்றான்?"

"நல்லா இருக்கான் மாமா. சாப்ட்டான்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான் மாமா."

உடனே போனை வைத்துவிட்டீர்கள். நான் ஜாடியின் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். பொய் சொல்லி உங்களை உள்ளே அனுப்புகிறேனே, ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் முகத்தில் விழிப்பேன் என்று பயந்தேன்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். விடிந்ததும் பார்த்தேன், துரை நேராக நின்றுகொண்டிருந்தது. வீக்கமும் கொஞ்சம் கம்மி. பட்டாணியைக் கிள்ளி ஈர்க்குச்சி நுனியில் வைத்து நீட்டினேன். கவ்வியது, துப்பியது. மறுபடி நீட்டினேன். மறுபடி துப்பியது. நாலாவது தடவை விழுங்கியது. மத்தியானம் வெளிக்கிருந்தது. ஒரு ஜீவன் வெளிக்கிருந்ததற்காக ஸ்தோத்திரம் சொன்னவள் இந்தத் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாயங்காலம் உங்கள் மகன் போன் செய்து, ஆபரேஷன் முடிந்தது, கண் விழித்துவிட்டார் என்றார். அதன் பிறகு தினம் இரண்டு கொசுப்புழு, இரண்டே இரண்டு. நீங்கள் கொடுத்த செல்லத்தை நான் கொடுக்கவில்லை.

நீங்கள் வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் துரையைப் பார்க்கப் போனீர்கள். கை பழக்கத்தில் உப்பு டப்பாவைத் திறந்தது. நான் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அதுவரை உங்கள் எதிரில் நிமிர்ந்துகூட நின்றதில்லை.

"போடாதீங்க மாமா. நம்ம தண்ணியே உப்பு."

திட்டு விழும் என்று காத்திருந்தேன். நீங்கள் பின்கட்டுக் குழாயைத் திறந்து, ஒரு விரல் நனைத்து நாக்கில் வைத்தீர்கள். முகம் மாறியது. "நாங்க கம்பெனில தெறந்து விட்ட உப்புக் கழிவுதாம்மா இது" என்றீர்கள். பிறகு மெதுவாக, துரையிடம் பேசும் அதே குரலில், "அன்னிக்கு போன்ல பொய்தான சொன்ன?" என்றீர்கள்.

"தெரிஞ்சுமா உள்ள போனீங்க?"

"கொரலு நடுங்கிச்சே. எனக்கு மட்டும்தான் பயம்னு நெனச்சினு இருந்தேன். ஒருத்தி தனியா ஒக்காந்து பயந்துக்கினே பாத்துக்கிறா, நா ஓடி வந்தா நல்லாவா இருக்கும்? போய் படுத்துட்டேன்."

அதற்கப்புறம் துரை ஒன்றரை வருஷம் இருந்தது. நீங்கள் ஒன்பது வருஷம் இருந்தீர்கள். நீங்கள் பயந்தீர்கள் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்கள் மகனிடம்கூட.

இன்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது மாமா. வரும் வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். அதே ஆஸ்பத்திரி. சின்ன விஷயம்தான் என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டு நாளாகப் பையில் ஒரு துணிகூட வைக்கவில்லை. பண்டிகை கழித்து வருகிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று பெங்களூரிலிருந்து உங்கள் பேத்தி, "பயமா இருக்காம்மா?" என்று கேட்டாள். "சீ, எனக்கென்ன பயம்" என்று போனை வைத்துவிட்டேன்.

சற்று முன்பு நானே அவளைக் கூப்பிட்டேன். "ரொம்ப பயமா இருக்குடி" என்றேன். "எனக்கும்தாம்மா" என்றாள். இரண்டு பேரும் அழுதோம். நாளைக் காலை முதல் வண்டிக்கே வருகிறாளாம்.

பீரோவைத் திறந்து வைத்திருக்கிறேன் மாமா. இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு, துணி அடுக்கப் போகிறேன்.