தெரிந்தவர் வீட்டுப் படிவம்

வெள்ளவத்தை
08.12.2024
(தெரிந்தவர்)

அன்புள்ள மகள் சாமினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் பிள்ளையார் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகன் சாரங்கனும் அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். வட்ஸ்அப் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவார், எழுதி அனுப்பினால் என் போனை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து வாசிப்பார், இந்த இரண்டு அறை வீட்டில் அவருக்குத் தெரியாமல் நான் செய்யக்கூடிய காரியம் கொப்பியில் எழுதுவது ஒன்றுதான், கந்தோரில் தந்த வேலை என்று நினைத்து எட்டிப் பார்க்க மாட்டார். மேல்மாடி மயிலம்மா அக்கா புதன்கிழமை லண்டனுக்கு மகனிடம் வருகிறா, உன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தானே, அவவிடம் கறித்தூளும் இந்தக் கடிதமும் கொடுத்து விடுகிறேன். வியாழன் பின்னேரமே போய் வாங்கிக்கொள், வெள்ளிக்கிழமை முடிவு சொல்ல வேண்டுமென்று நீ எழுதியிருந்தபடியால்தான் அவசரப்படுத்துகிறேன்.

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் அங்கேயுள்ள ஆய்வு நிறுவனம், மறுபக்கம் உன்னைக் கொழும்புக்கு அனுப்பப்போகிற தொண்டு நிறுவனம், அம்மா நீங்க ரெண்டிலயும் வேலை செய்தனீங்கள்தானே எது நல்லதெண்டு சொல்லுங்கோ என்று கேட்டிருந்தாய். சின்ன வயதில் சட்டை எடுக்கப் போனாலும் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைத்தான் பார்ப்பாய், அந்தக் குணம் இன்னும் போகவில்லை. சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். நீ ஸ்கொலர்ஷிப் சோதனை எடுத்த காலத்தில் நான் பம்பலப்பிட்டியில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினேன் அல்லவா, அங்கே மூன்று வருடத்தில் ஒருவர்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, என் நம்பர் பதினாலு, பதினாலு வந்தாச்சா என்றுதான் கேட்பார்கள். நாலரை ஆனால் எல்லாரும் எழும்பிவிடுவார்கள், வீட்டுக்கு வந்தால் வீடுதான், கந்தோர் கூட வராது. படிவத்திலுள்ள கேள்வியை ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்க வேண்டும், பதில் சொல்கிற மனுசி அழுதால் தேற்றக் கூடாது, தேற்றினால் பதில் மாறிவிடுமாம். நாங்கள் மழையில் நனைந்து சேர்த்ததெல்லாம் நாலு வருடம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக வந்தது, பதில் சொன்ன ஒருவருடைய வாசலுக்கும் அது திரும்பிப் போகவில்லை. ஆனால் ஒன்று, அங்கே இல்லாததை எழுதச் சொல்லி ஒருவரும் சொன்னதில்லை.

இப்போது இருக்கிற தொண்டு நிறுவனக் கந்தோரில் முதல் நாளே நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம் என்றார்கள். நானும் மகிழ்ந்துபோனேன். குடும்பமென்றபடியால் லீவு கேட்க வெட்கமாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் போகவேண்டி வந்தது, சாப்பாட்டுக் கோப்பையில் கை வைத்திருக்கும்போது படம் அனுப்பு என்று மெசேஜ் வரும். செவ்வாய்க்கிழமைகளில் நான் போகிற ஹெந்தளையில் ஒரு பிள்ளை தையல் மெஷினுக்கு முன்னால் இருந்து சிரித்தால் அந்தச் சிரிப்பு உடனே லண்டனுக்குப் போகவேண்டும், அதே பிள்ளை அழுதால் அது கந்தோர் வாசலையும் தாண்டத் தேவையில்லை. ஒவ்வொரு வருட அறிக்கையிலும் எல்லாம் முன்னேறியிருக்க வேண்டும், அப்படிப் பார்த்தால் ஹெந்தளை இந்நேரம் சிங்கப்பூராகியிருக்க வேண்டும், ஆகவில்லை, நான் போன செவ்வாய்க்கிழமையும் சேற்றுக்குள்ளால்தான் போய் வந்தேன். ஆனால் அந்தப் பெண்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஒரு கிழமை போகாவிட்டால் அக்கா காய்ச்சலோ என்று போன் எடுப்பார்கள். இதை உன் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை, நீதான் படித்தவள்.

வேலை நிரந்தரமா என்ற வரியில் இரண்டு பக்கமும் நீ கேள்விக்குறி போட்டிருந்தாய், தொண்டு நிறுவனத்தின் பக்கம் அடைப்புக்குள் அம்மாவுக்கு நிரந்தரம் என்று எழுதியிருந்தாய். பிள்ளை, அது நான் உங்களுக்குச் சொன்ன கதை. டிசம்பர் முப்பதாம் திகதி என் ஒப்பந்தம் முடியும், முப்பத்தோராம் திகதி நான் ஒருவருடைய ஊழியரும் இல்லை, முதலாம் திகதி புதுக் கடிதம் தருவார்கள். தொடர்ந்து வேலை செய்ததாக வந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஒரு நாளை வெட்டிவிடுகிறார்கள் என்று கணக்குப் பகுதி ஸவாஹிர்தான் எனக்கு விளங்கப்படுத்தினான், அவனுடைய ஒப்பந்தமும் அப்படித்தான், எல்லாருடையதையும் தன் கையால் டைப் பண்ணுகிறவனும் அவன்தான். நீயும் அப்பாவும் அதை வருடக்கடைசி லீவு என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த நாளில் நான் ஸ்டூல் வைத்து ஏறி ஃபேன் துடைப்பதைப் பார்த்திருப்பாய். பதினேழு வருடமும் அந்த ஒரு நாள் கதவு திறந்துதான் இருந்தது, விட்டுவிட்டுப் போகிறேன் என்று போயிருந்தால் யாரும் மறித்திருக்க மாட்டார்கள். நான் ஃபேனைத் துடைத்துவிட்டு அடுத்த நாள் போய்க் கையெழுத்து வைத்தேன். எங்கே போவது, டிகிரி இல்லை, வயது ஏறுகிறது, செவ்வாய்க்கிழமை ஹெந்தளைக்கு யார் போவார்கள் என்றும் ஒரு நினைப்பு.

இனித்தான் நான் எழுதவந்த விசயம். அட்டவணையோடு அந்தக் கொழும்பு வேலையின் விளம்பரத்தையும் அனுப்பியிருந்தாய். பங்காளி நிறுவனம் என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. சமூக ஆய்வு ஒருங்கிணைப்பாளர், செய்யவேண்டிய பணிகள் ஏழு. நானும் மகளுக்கு நல்ல வேலை வருகிறதென்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆறுதலாக வாசித்தேன். ஐந்தாவதில் நின்றுவிட்டேன். மழைக்காலத்தில் ஹெந்தளைப் பெண்கள் குழுவின் கூட்டத்தைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றி நடத்துதல் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அது நான் எழுதியது. போன ஆவணியில் அக்கா நீங்க செய்யிற வேலையெல்லாத்தையும் ஒரு தாளில எழுதித் தாங்கோ, உங்களுக்குத்தான் நல்லது என்று எங்கள் டிரெக்டர் ஐறீன் மிஸ் கேட்டா, நானும் வடிவான கையெழுத்தில் ஏழு விசயம் எழுதிக் கொடுத்தேன். கோயில் மண்டபத்தைக்கூட எடுக்காமல் அப்படியே போட்டிருக்கிறார்கள். நான் எங்கே போகிறேன் என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை, நானும் ஃபீல்டுக்குப் போறன் என்பதோடு விட்டுவிடுவேன், அதனால் உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, உன்னில் ஒரு பிழையுமில்லை.

அடுத்த நாள் ஐறீன் மிஸ்ஸிடம் போய் ஒன்றும் தெரியாதவள்போல, வாற வருசம் என்ர பாடு என்னண்டு கேட்டேன். அவ கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அக்கா உங்கட போஸ்ட்ட இல்லாமப் பண்ணேல்ல, பேரை மாத்தியிருக்கினம், லண்டன்காரருக்கு ரிசர்ச் தெரிஞ்ச ஆள் வேணுமாம், அங்க படிச்ச பிள்ளை ஒண்டைப் பிடிச்சிருக்கினம், நல்ல கெட்டிக்காரியாம், ஓம் எண்டு சொன்னா ஜனவரில வந்திடும், நீங்க ஒரு மூண்டு மாசம் சும்மா வந்து பழக்கிக் குடுத்தாப் புண்ணியம், நாங்க ஒரு ஃபமிலிதானே என்றா. மூன்று வருடம் படிவம் நிரப்பியது ரிசர்ச் இல்லையோ என்று வாய்வரை வந்தது. அந்தப் பிள்ளை மாட்டன் எண்டு சொன்னால் என்று மட்டும் கேட்டேன். சொன்னா உங்களுக்கே இன்னொரு வருசம் நீட்டத்தானே வேணும், இந்த நேரத்தில வேற ஆருக்கு நேரமிருக்கு என்றா. அவ கெட்ட மனுசி இல்லை, அவவுடைய ஒப்பந்தமும் மார்ச்சோடு முடிகிறது. கந்தோரில் உன்னை எல்லாருக்கும் குட்டி என்றுதான் தெரியும், சாமினி சாரங்கன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. என் பிள்ளையைக் கெட்டிக்காரி என்று முன்னால் இருந்து சொல்கிறா, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, நல்லது மிஸ் என்று சொல்லிவிட்டு வந்து என் மேசையில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா. உன் அட்டவணையில் கொழும்பு என்ற ஒரு சொல்லைத்தான் அவர் வாசித்தார். மூட்டு நோவென்று கடைக்குப் போகாத மனுசன் புறக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய், தான் முப்பது வருடம் வேலை செய்த ஹார்ட்வெயார் கடையிலேயே பெயின்ட் வாங்கிக்கொண்டு வந்து உன் அறைக்கு இளநீலம் அடித்துவிட்டார். கீழ்வீட்டுக்காரரிடமும் பேப்பர் கடையிலும் மகள் வாறா என்று சொல்லியாயிற்று. மருமகன் ஒரு வருடம் கழித்துத்தான் வருவார் என்று நான் சொன்னால், அது பரவாயில்லை என்கிறார். உன் வேலை முன்னூற்று அறுபத்து நாலு நாள்தான், அதற்குப் பிறகு ஃபேன் துடைக்க வேண்டியதுதான் என்று அவரிடம் எப்படிச் சொல்ல, சொன்னால் என் பதினேழு வருடத்தையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும். ஆய்வு நிறுவனத்துக்குப் போ என்று உனக்குச் சொன்னால் என் கதிரையைக் காப்பாற்ற மகளை மறித்தவளாவேன். கொழும்புக்கு வா என்று சொன்னால், எனக்கு வரவேண்டிய கடிதத்தில் உன்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னவளாவேன். ஒரு கிழமையாக எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிறது.

பம்பலப்பிட்டியில் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. போகிற வீடு தெரிந்தவருடைய வீடென்றால் அந்தப் படிவத்தை நாங்கள் நிரப்பக் கூடாது, மேல் மூலையில் தெரிந்தவர் என்று எழுதி வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒருமுறை கொட்டாஞ்சேனையில் எனக்கு வந்த வீட்டு இலக்கம் அப்பாவின் தங்கை, உன் மாமியின் வீடு. கொட்டுகிற மழை, அன்றைக்கு அந்த ஒரு படிவம்தான் மிச்சம், யாருக்குத் தெரியப்போகிறதென்று நானே போய் இருந்து கேட்டேன். நேற்று எத்தனை நேரம் சமைத்தீர்கள், யாராவது பசியோடு படுத்தார்களா என்று வரிசையாகக் கேட்கிறேன், மச்சாள் தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டு ஒரு குறையும் இல்லை, ஒரு குறையும் இல்லை என்று சொல்லுகிறா, நானும் ஒவ்வொரு கட்டத்திலும் சரி போட்டுக்கொண்டு வந்தேன். அந்த மாதம் முழுக்க அவவும் பிள்ளைகளும் ஒரு நேரம்தான் சாப்பிட்டார்கள் என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வேறு யாராவது போயிருந்தால் சொல்லியிருப்பா. என்னிடம் எப்படிச் சொல்லுவா, அண்ணன் பெண்சாதியல்லவா. கந்தோர் எப்படியம்மா என்று நீ கேட்கும்போதெல்லாம் நானும் உனக்கு அதையேதான் சொல்லி வந்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை என்று.

அதனால்தான் இந்தக் கடிதத்தின் மேல் மூலையில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன், முதலே பார்த்திருப்பாய். உன் அட்டவணையை நான் நிரப்பக் கூடாது பிள்ளை. எனக்கு நீ வரவேண்டும், அந்த நீல அறையில் நீ படுத்து எழும்புவதைப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த வேலையும் வேண்டும், ஐம்பத்தேழு வயதில் காலை எட்டு மணிக்குப் போக இடமில்லாமல் அப்பாவோடு சேர்ந்து யன்னலால் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டும் உண்மை. இதை வைத்துக்கொண்டு நான் எதைச் சொன்னாலும் அதை நம்பாதே.

நீ ஸவாஹிரிடம் கேள். நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிவாசலுக்குப் போய்விடுவான், அதற்கு முதல் எடுக்க வேண்டும், உனக்கு விடிய ஆறு மணியாக இருக்கும், ஒருநாளைக்கு எழும்பினால் குறைந்துபோக மாட்டாய். ஜனவரியில் சேர யோசிக்கிற ஆள் என்று சொல், கந்தோர் எப்படி, ஒப்பந்தம் எப்படி, இதுவரை அந்த வேலையில் இருந்தவருக்கு என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் கேள். நல்ல பிள்ளை, முன்பின் தெரியாதவர்களுக்கு ஒன்றையும் மறைக்க மாட்டான். நீ யாருடைய மகள் என்று மட்டும் சொல்லிவிடாதே, சொன்னால் அவனும் உனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்லுவான்.

கறித்தூளைக் காய்ந்த போத்தலில் போட்டு இறுக்கி மூடு, ஈரக் கரண்டி வைக்காதே. மருமகனை இருமலுக்கு மல்லி அவித்துக் குடிக்கச் சொல். அப்பா கேட்டால் அம்மாவின் கடிதத்தில் சமையல் குறிப்புத்தான் இருந்தது என்று சொல்லு. எந்த முடிவு எடுத்தாலும் என்னிடம் சொல்லுமுன் அந்த நிறுவனத்துக்குச் சொல்லிவிடு. நீ எங்கே இருந்தாலும் நல்லாயிருப்பாய், பிள்ளையார் உங்கள் இருவரையும் காப்பார்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா