கேட்டதற்கு மட்டும் பதில்

ஐயா,

இன்று குமுளியில் ஏலக்காய் வாங்கினேன். கடைக்காரர் பொதிந்து கொடுத்த செய்தித்தாளை வீட்டில் பிரித்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவாக ஒரு நீதிமன்றம் இருக்கிறதாம். தனக்குப் பிடிக்காத தீர்ப்பு எழுதிய நீதிபதியை ஓர் அரசு பதவியிலிருந்து இறக்கியதாம். அது செல்லாது என்று அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். மூன்று முறை படித்தேன். உங்களிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது. நீங்கள் போய் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பது பிறகுதான் உறைத்தது.

எங்கள் மலைக் கோர்ட்டுக்கு நீங்கள் மாஜிஸ்திரேட்டாக வந்தது அவசரநிலைக் காலத்தில். நீங்கள் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கத்துத் தமிழ் பேசும் விவசாயக் குடும்பம். நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். தமிழ்ச் சாட்சிகள் சொல்வதை மலையாளத்தில் மாற்றிச் சொல்லும் குமாஸ்தா. முதல் நாளே, கூண்டில் நின்ற கொழுந்து பறிக்கும் அம்மாளிடம், "ஏனுங்க, கால் வலிக்குமுங்க, உக்காருங்க" என்றீர்கள். கோர்ட்டே சிரித்தது. எங்கள் சனத்தை அதுவரை யாரும் 'ங்க' போட்டு அழைத்ததில்லை. வேலை வாங்கும் கங்காணி போட்டதெல்லாம் வேறு.

எஸ்டேட் ஜீப் வழியில் நின்றாலும் ஏற மாட்டீர்கள். "நாளைக்கு அவுங்க கேசு நம்மகிட்ட வருமுங்க" என்று மழையில் நடப்பீர்கள். பிழைக்கத் தெரியாத மனுஷர் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களில் நானும் உண்டு.

அந்த வருஷம் போனஸ் கேட்ட ஆறு தொழிலாளிகளைப் போலீஸ் பிடித்தது. ஒரு நாளைக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டியவர்களை நாலு நாளாகியும் கண்ணில் காட்டவில்லை. அவர்களில் ஒருவனின் மனைவி செல்லத்தாய் உங்கள் முன்னால் வந்து அழுதாள். சாயங்காலத்துக்குள் ஆறு பேரையும் கொண்டுவந்து நிறுத்தும்படி உத்தரவு எழுதி, அன்றே ஜாமீனில் விட்டீர்கள். "காலம் சரியில்லை ஐயா" என்று காதோடு சொன்னேன். "காலம் பாத்துச் சொல்றதுக்கு ஜோசியரு போதுமுங்களே, கோர்ட்டு எதுக்குங்க?" என்றீர்கள்.

பத்து நாள் கழித்து உங்களுக்கு நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் கண்டு, நினைவு தப்பியது. மண் சரிந்து சாலை அடைத்திருந்தது. நான் லயத்துக்கு ஓடினேன். நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் தூளியாகக் கட்டி, வீட்டுக்கு ஓர் ஆள் தோள் கொடுப்பது எங்கள் வழக்கம். இன்னார் என்று பார்ப்பதில்லை. அதனால் ஜாமீனில் வந்தவர்களும் தோள் கொடுத்தார்கள். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறதென்று கோர்ட்டில் சோறு தின்ற எனக்கே தோன்றவில்லை. "ஏல, மெதுவாப் போங்கல, அய்யா உசுரு கையில இருக்கு" என்று செல்லத்தாய் குடை பிடித்தபடி கூடவே ஓடிவந்தாள். அப்படித்தான் வண்டிப்பெரியார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நீங்கள் பிழைத்தீர்கள். உங்கள் பேர் பிழைக்கவில்லை. கைதிகளை விட்டதற்கு நன்றியாக அவர்கள் தோளில் மாஜிஸ்திரேட் ஊர்வலம் போனார் என்று மொட்டைக் கடிதம் போயிற்று. விசாரிக்க வந்த அதிகாரி என்னிடம், "தூக்கியவர்களில் ஜாமீனில் வந்தவர்கள் உண்டா?" என்றார். உண்டு என்றேன். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நீங்கள் நினைவில்லாமல் கிடந்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. அவர்களைக் கூப்பிட்டது யார் என்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வழக்கே வராத ஓர் ஆபீசுக்கு உங்களை மாற்றினார்கள். நீங்கள் மேல் கோர்ட்டுக்கு மனுப் போட்டீர்கள். ஒருமுறை உங்கள் ஊருக்கு வந்தேன். நான் கையெழுத்திட்ட தாளை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. "செல்லத்தாயம்மா சௌக்கியமுங்களா?" என்று விசாரித்தீர்கள். திட்டியிருக்கலாம், ஐயா.

அடுத்த மழையில் அதே சளி உங்களைக் கொண்டுபோயிற்று. உங்கள் மனைவி மனுவை விடாமல் நடத்தினார். ஆறு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. உத்தரவு எழுதியதற்காக ஒரு நீதிபதியைத் தண்டித்தால், அடுத்தவர் பயந்துதான் எழுதுவார், மாற்றியது தவறு, புகாரில் உண்மை இல்லை என்றது. இதற்கு ஆதாரம் செல்லத்தாயின் சாட்சியம். எழுதப் படிக்கத் தெரியாதவள் எர்ணாகுளத்து மேல் கோர்ட்டுக்குப் பஸ் ஏறிப் போய், "அய்யாவுக்குப் பேச்சு மூச்சு இல்ல. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது, நாங்களாத்தான் தூக்கினோம்" என்று சொல்லிக் கைநாட்டு வைத்திருந்தாள்.

தீர்ப்பின் நகலை உங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய், இங்கிலீஷிலிருந்து வரி வரியாகத் தமிழில் உங்கள் மனைவிக்குச் சொன்னேன். அது என் தொழில் அல்லவா? செல்லத்தாய் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் அழாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அன்னிக்கு நீங்களும் அங்க இருந்தீங்கதானுங்களே?"

"ஆமாம்மா."

"அப்ப இதை அவரு இருக்கறப்பவே நீங்க சொல்லியிருக்கலாமுங்களே. ஏனுங்க சொல்லலே?"

தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டேன். இப்போது அவரும் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு இருக்கிறது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன். வேலை போய்விடும் என்று பயந்தேன், ஐயா. வேறொன்றுமில்லை.