வலிக்காத கால்

பள்ளிபாளையம்
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் அகல்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உங்கப்பா சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பொய் எழுதக் கை வரவில்லை. அயர்லாந்துக் குளிரில் நீயாவது நோய்நொடி இல்லாமல் இருக்கத் தினமும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே உங்கப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, சொல்லாதே என்று கையை ஆட்டுகிறார். இப்போது சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

பதறாமல் படி கண்ணு. உங்கப்பாவின் இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். எடுத்து இருபது நாள் ஆகிறது, காயம் ஆறி வருகிறது. போன மாதம் ஒரு நாள் வீட்டைத் துடைத்துவிட்டு நிமிர்கிறேன், ஈரத் தரையில் வாசலில் இருந்து சமையற்கட்டு வரை சொட்டுச் சொட்டாக ரத்தம். பூனை எதையோ கவ்விக்கொண்டு வந்துவிட்டது என்று பார்த்தால், உங்கப்பா நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். தறிப்பட்டறையில் வெறுங்காலோடு நடந்ததில் ஒரு ஸ்க்ரூ சுண்டுவிரலுக்குக் கீழே ஏறியிருக்கிறது, அதோடேயே வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கிறார் மனுசன். நான் கத்தினதற்கு அப்புறம்தான் குனிந்து பார்த்தார். அன்றைக்கே டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினேன், கீறல்தானே என்று மஞ்சளை அப்பிக்கொண்டார். ஒரு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார், ஆறிவிட்டது என்று என்னிடம் வாய் கூசாமல் சொன்னார். எட்டாம் நாள் குளிர் காய்ச்சல் வந்தபோது கட்டை நானே பிரித்தேன். விரல் கறுத்துப்போய் இருந்தது.

ஈரோட்டில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மலர்விழி என்று ஒரு டாக்டர், உன் வயதுதான் இருக்கும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டது. இவர் ஒவ்வொரு தடவையும் தெரியுதுங்க, தெரியுதுங்க என்று பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்தப் பெண் இழையைக் கீழே வைத்துவிட்டு, இப்போது என்றது. நல்லாத் தெரியுதுங்க என்றார். “ஐயா, நான் இப்பத் தொடவே இல்லீங்க” என்றது டாக்டர். எனக்கு அந்த இடத்திலேயே அவர் மண்டையில் ஒன்று வைக்கலாமா என்று வந்தது.

ஒரு பிளாஸ்டிக் கால் வைத்திருக்கிறது அந்த டாக்டர், அதைக் கழற்றிக் கழற்றிக் காட்டியது. ஒரு பாதத்தில் இருபத்தாறு எலும்பாம். சர்க்கரை பல வருசமாக நரம்பைக் கெடுத்ததில் உங்கப்பாவுக்குப் பாதத்தில் உணர்ச்சியே போய்விட்டதாம், ரத்த ஓட்டமும் குறைந்து சீழ் எலும்பு வரை இறங்கிவிட்டதாம். முப்பது வருசம் தறியில் நின்று கால் உரமேறிப்போச்சு என்று ஊரெல்லாம் பெருமை பேசினாரே, அது மரத்துப்போனதுதான். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றது. ஆபரேசன் முடிந்த மறுநாள் ஆத்திரம் தாங்காமல், ஏனுங்க இப்படி என்னிடம் மறைத்தீர்கள் என்று கேட்டேன். “வலிச்சாச் சொல்லீருப்பேன் புள்ள. வலிக்கவே இல்லையே, எதைன்னு சொல்றது?” என்றார். உனக்குச் சொன்னால் மூன்று மாதம்கூட ஆகாத வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாயாம், அதற்குத்தான் இந்தக் கை ஆட்டல் எல்லாம்.

இப்போது தினமும் காலையில் கண்ணாடி வைத்து அவர் பாதத்தைப் பார்க்கிறேன், விரலிடுக்கைத் துடைக்கிறேன். மெத்தென்ற செருப்பு வாங்கிக் கொடுத்தால் பொம்பளைச் செருப்பு மாதிரி இருக்குது என்று அதற்கும் முகத்தைச் சுளிக்கிறார். முந்தாநாள் திடீரென்று, உன் காலைக் காட்டு என்றார். என் வலது கால் பெருவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அடியில் எலும்பு புடைத்துக்கொண்டு கிடக்கிறது, நீயும் பார்த்திருக்க மாட்டாய். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு வலிக்குதா என்று கேட்டார். பத்து வருசமாக வலிக்கிறது, செருப்புப் போட்டால் இன்னும் அதிகம் என்றேன். “நான் கேக்கவே இல்லையே புள்ள” என்றார். அத்தனை நாள் வலிக்கு வராத அழுகை அப்போது வந்துவிட்டது. வியாழக்கிழமை இரண்டு பேரும் டாக்டரிடம் போகிறோம், என் பெயருக்கும் அவரே போன் செய்து டோக்கன் போட்டுவிட்டார்.

நீயும் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் சுரீர் என்கிறது என்று சொன்னாயே, நின்றே வேலை பார்க்கிறவள், அதைத் தள்ளிப்போடாமல் அங்கே யாரிடமாவது காட்டு. பழைய ஷூவைத் தூக்கிப் போடு. லீவு கிடைக்கும்போது வந்தால் போதும், அவசரப்பட்டு டிக்கெட் போடாதே. நல்ல உடம்போடும் நல்ல மனசோடும் நூறு வயசு இரு சாமி. ஒன்றை மட்டும் மறக்காதே, நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாமல் அடுத்த வாரம் வீடியோவில் கூப்பிட்டு, அப்பா காலைக் காட்டுங்க என்று நீயாகக் கேள். நீ கேட்டால் காட்டுவார்.

உன் அம்மா
கமலவேணி